ஊசி பட்ட தடம்

மண்ணெண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திறந்ததுமே அப்பா எழுந்து வாசல் பக்கத்து இஸ்தோப்புக்குப் போய்விட்டார். குசினித் தரையில் சாக்கை விரித்து, அதன்மேல் தாத்தா காலத்து வேட்டைத் துவக்கைக் கிடத்தி, நான் குந்தியிருந்தேன். பக்கத்தில் தையல் மெஷினுக்குப் பாவிக்கிற சின்ன ஸ்க்ரூ டிரைவர், பழைய பல் பிரஷ், கிழிந்த சேலைத் துண்டு, ஒரு தகர மூடியில் கொஞ்சம் மெஷின் எண்ணெய். ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் மூன்று மணி. நாளைக் காலை ஆறரைக்குப் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க வருகிற அத்தனை பேரும் பார்க்க, இந்தத் துவக்கை அப்பா வெடித்துக் காட்ட வேண்டும். தோட்டத்துத் துரையின் உத்தரவு. வெடித்தால் அப்பாவுக்குக் காவல் வேலை இருக்கும், எங்களுக்கு லயத்தில் இந்தக் காம்பரா வீடு இருக்கும். வெடிக்காவிட்டால் இரண்டும் இல்லை.

"அந்தோனியார் எண்ணெயப் போயி மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவுவியா புள்ள?" என்று அப்பா போகிற போக்கில் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அழுகிற குரலில் கேட்டதால் எனக்குக் கை ஓடவில்லை. உள்ளே கட்டிலில் இருந்த அம்மாதான் பதில் சொன்னாள். அம்மாவுக்கு இரண்டு காலிலும் நீர் கோத்து, தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்து ஆறு வருஷம் ஆகிறது. கால் போனாலும் வாய் போகவில்லை.

"நீ கழுவு டெல்சி. அந்தோனியார்கிட்ட நான் பேசிக்கிறேன்."

இந்தத் துவக்கு எங்கள் வீட்டுக்கு வந்த கதையை அப்பா சொன்னால் ஒரு மணி நேரம் ஆகும். நான் சுருக்கிச் சொல்கிறேன். தாத்தா ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு வேட்டைத் துணையாகப் போனவர். துரை கப்பலேறும்போது துவக்கைத் தாத்தாவிடம் கொடுத்து, அரசாங்கக் கச்சேரியில் அனுமதிப் பத்திரமும் எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒற்றைக் குழல். நடுவில் மடித்து ஒரு நேரத்தில் ஒரு தோட்டா போடலாம். பின்னால் இருக்கிற குதிரையை விரலால் ஏற்றிவிட்டு விசையை இழுத்தால், குதிரை விழுந்து ஊசியை அடிக்கும், ஊசி போய்த் தோட்டாவின் பின்பக்கத்தைக் குத்தும். அவ்வளவுதான் அதன் வித்தை. தாத்தா காலத்தில் ஒரு நாள் பன்றி பாய்ந்து வருகிறபோது துவக்கு வெடிக்காமல் சதி செய்ததாம், 'அந்தோனியாரே' என்று கூப்பிட்டு மறுபடி இழுத்தாராம், வெடித்ததாம். அன்றையிலிருந்து துவக்குக்கு அந்தோனியார் கோயில் விளக்கெண்ணெய் தவிர வேறு எதுவும் ஆகாது என்று வீட்டில் சட்டம். விளக்கெண்ணெய் என்றால் விளக்கில் எரிகிற தேங்காய் எண்ணெய். செவ்வாய்க்கிழமை பூசைக்குப் போகிறவர்கள் சின்னப் போத்தலில் கொண்டுவந்து முழங்காலுக்கும் பிள்ளைகளின் நெற்றிக்கும் மாட்டு மடிக்கும் பூசுவார்கள். நாங்கள் துவக்குக்கும் பூசினோம். மந்திரித்த எண்ணெயைத் துடைத்தெடுப்பது பாவம் என்பதால் மேலே மேலே பூசியதோடு சரி, அறுபது வருஷமாக யாரும் உள்ளே கழுவியது இல்லை.

அப்பாவுக்குத் தூரத்துப் பார்வை கழுகுப் பார்வை. கிட்டத்தில் ஒன்றும் தெரியாது. ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் சுவரைக் குத்துவார். அதனால் இரண்டு வருஷமாக எண்ணெய் போடுகிற வேலை என்னுடையது. நான் தலவாக்கலையில் அலியார் நானாவின் துணிக்கடையில் தையல் வேலை செய்கிறேன். பன்னிரண்டு நாளைக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடச் சீருடைகளை முடித்துக் கொடுத்துவிட்டு, பூசையும் பார்த்து, இருட்டுகிற நேரத்தில் முதுகு ஒடிந்துபோய் வந்தேன். துணியில் தொட்டுத் தொட்டுப் பூசப் பொறுமை இல்லை. தை மாதக் குளிரில் எண்ணெய் போத்தலுக்குள்ளேயே உறைந்து வெள்ளையாக இருந்தது. அடுப்படியில் வைத்து உருக்கி, சூட்டோடு ஊசி இருக்கிற ஓட்டைக்குள் சரித்து ஊற்றினேன். அரைப் போத்தல் போயிருக்கும். ஒரு அருள்நிறை மரியே சொல்லி, துவக்கைச் சுவரில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் புதன்கிழமை விடிகிற நேரத்தில் அப்பாவும் மூக்கன் மாமாவும் ஏழாம் நம்பர் மலைக்குப் போனார்கள். புதிதாகத் தேயிலைக் கன்று நட்டிருக்கிற இடம். மண்புழுவுக்காகக் காட்டுப்பன்றி வந்து வரிசை வரிசையாகக் கன்றுகளைக் கிளறிப் போட்டுவிடும். மாமா டின்னைத் தட்டிக் கலைப்பார், அப்பா சுடுவார். பதினோரு வருஷமாக அப்படித்தான். அவர்கள் சாமி வேறு, எங்கள் சாமி வேறு, ஆனாலும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றைக்குப் பன்றி தண்ணீர் ஓடுகிற கானுக்குள்ளிருந்து நேரே மாமாவின் மேல் ஏறி வந்தது. அப்பா குதிரையை ஏற்றி விசையை இழுத்தார். வெடிக்கவில்லை. பன்றி மாமாவின் தொடையைக் கிழித்தது. அப்பா துவக்கை மடித்து, அந்தத் தோட்டாவை உருவிக் கோட்டுப் பையில் போட்டு, இரண்டாவதை வைத்துச் சுட்டார். அது வெடித்தது. அதற்குள் பன்றி கானைத் தாண்டிப் போயிருந்தது. லயத்தில் இருந்தவர்களுக்கு முதலில் அலறல் கேட்டது, பிறகு வெடி கேட்டது. அந்த வரிசை எல்லோருக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது.

"இழுத்தேன். வெடிக்கல" என்று அப்பா கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். "பொறகு வெடிச்சிச்சே" என்றார்கள். மாமா அந்தச் சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்தார். போன ஞாயிறு அடக்கம். பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை என்பதால் அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. பக்கத்துக் காம்பரா துஷாந்த் வந்து சொன்னான். எல்லோரும் குழியில் மூன்று பிடி மண் போட்டிருக்கிறார்கள். அப்பா குனிந்து மண்ணை அள்ளியபோது மாமாவின் தம்பி பழனியாண்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, "அந்தக் கையால வேணாம்ணே" என்றிருக்கிறான். சத்தம் போட்டுச் சொல்லவில்லையாம், மரியாதையாகத்தான் சொன்னானாம். அப்பா விரலை விரித்து மண்ணைக் கீழே விட்டுவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து தண்ணீர்ப் பீலியில் கை கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது தண்ணீர் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது, அவர் வலது கையை நீட்டிப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு அவர் பேச்சைக் குறைத்துவிட்டார். சாப்பாட்டைக் கிளறிவிட்டு எழுந்துவிடுவார். இந்த வியாழக்கிழமை கடைக்குக் கிளம்புகிறேன், இஸ்தோப்பு விளிம்பில் உட்கார்ந்திருந்தவர் என் பையைப் பிடித்து நிறுத்தினார்.

"நெஜமா நான் இழுத்தேனா புள்ள?"

"என்னப்பா கேள்வி இது? நீங்கதானே சொன்னீங்க."

"எனக்கு இழுத்த மாதிரிதான் இருக்கு. எல்லாரும் இல்லங்கிறாங்களே. பயத்துல வெரலு நின்னுட்டத நான்தான் இழுத்ததா நெனைக்கிறேனோ என்னமோ."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. லயத்து வாய் ஒரு மனிதனை அவன் கையையே சந்தேகப்பட வைத்துவிட்டதே என்று பஸ்ஸில் தலவாக்கலை வரைக்கும் அழுதுகொண்டே போனேன். அழுகையில் பாதி கோபம். மீதிப் பாதி என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது.

துரை விசாரித்தது நேற்று முன்தினம், வெள்ளிக்கிழமை. அவர் நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை, கன்று பிழைக்க வேண்டும், அதுதான் அவருக்கு. துவக்கில் பிழையா, ஆளில் பிழையா என்று கேட்டார். துவக்கில் பிழை என்றால் பொலிஸில் ஒப்படைத்துவிட்டு வேறு காவல் பார்த்துக்கொள்வதாகவும், ஆளில்தான் பிழை என்றால் அடுத்த முறை பயப்பட மாட்டான், இருக்கட்டும் என்றும் கணக்கப்பிள்ளையிடம் சொன்னாராம். திங்கட்கிழமை காலைக் குளிரில், அதே நேரத்தில் வெடித்துக் காட்டட்டும் என்றார். பழனியாண்டியும் அங்கேதான் நின்றானாம். "துவக்குல பிழைன்னா நானே பொலிசுக்குப் போவேன் சார். ஆள்ல பிழைன்னா சாமிகிட்ட விட்டுர்றேன்" என்றானாம்.

பொறி எப்படி என்று பாருங்கள். வெடித்தால் அப்பா கோழை, கூட்டாளியைப் பன்றிக்குக் கொடுத்தவர். வெடிக்காவிட்டால் எங்களுக்குக் கூரை இல்லை. அப்பாவுக்கு அறுபது தாண்டி, வேலைப் பட்டியலிலிருந்து பேர் வெட்டியாகிவிட்டது, துவக்கு இருப்பதால்தான் காவலுக்கு வைத்திருக்கிறார்கள். அம்மாவின் பேர் எப்போதோ போய்விட்டது. நான் டவுனில் வேலை செய்கிறவள். தோட்டத்தில் பேர் இல்லாதவர்களுக்குக் காம்பரா இல்லை. அண்ணன் ஜூட் வத்தளையில் ஒரு அறையில் நாலு பேரோடு படுக்கிறான். நடக்க முடியாத அம்மாவை எந்த அறையில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பது?

நேற்றுச் சனிக்கிழமை கடையில் இஷ்ராவின் மெஷின் சக்கரம் சுற்றவில்லை. இஷ்ரா புதிதாக வந்த பிள்ளை. அலியார் நானா மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"யாரு மகள் இதுக்குத் தேங்கா எண்ண ஊத்தின? இந்தக் குளிருக்குக் கட்டிப்போய்க் கெடக்கு. ஒரு தரம் சுத்திவிட்டா பொறகு ஓடும், முதல் சுத்துதான் வராது. மண்ணெண்ண ஊத்திக் கழுவுங்க."

நான் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். ஊசி விரலில் ஏறியதைக் கூட இஷ்ராதான் பார்த்துச் சொன்னாள். முதல் சுற்று வராது, பிறகு ஓடும். மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடக்கூடாது என்று பத்து வருஷமாக எனக்குத் தெரியும். வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறவளே நான்தான். துவக்கும் ஒரு மெஷின் என்று ஒரு நாளும் என் மண்டையில் ஏறவில்லை. அது எங்களுக்குத் துவக்கு, எண்ணெய் அந்தோனியாருடையது, ஒன்றை ஒன்று எப்படிக் கெடுக்கும்? மூக்கன் மாமாவைக் கொன்றது நான். இப்படிச் சொன்னால் அம்மா திட்டுவாள், ஆனால் வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் இன்றைக்கு மண்ணெண்ணெய். குதிரைக்கு முன்னால் இருந்த சின்னத் திருகாணியைக் கழற்றினேன், ஊசி தானாக வெளியே வரவில்லை. பல் பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெய் விட்டு, ஊறப் போட்டு, மறுபடி தேய்த்து, கடைசியில் தொட்டால் ஒட்டுகிற பாகாக வந்தது. ஊசியைச் சுற்றி, அதன் சின்னச் சுருளைச் சுற்றி, பழுப்பு நிறத்தில் பிசின். அடியில் தாத்தா காலத்து எண்ணெய், அதற்கு மேல் அப்பா காலத்து எண்ணெய், எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளையாக என்னுடையது. சேலைத் துண்டில் வழித்து எடுத்தேன். ஊசி சுத்தமாகி, விரலால் அமுக்கினால் சிணுங்காமல் போய் வந்தது. மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டேன். திருகாணியை முடுக்கி, வெறும் குழலோடு குதிரையை ஏற்றி விசையை இழுத்ததும் 'டக்' என்று இரும்பு பேசியது. இஸ்தோப்பில் அப்பாவின் தலை திரும்பியது. இரண்டு வருஷத்தில் இந்தத் துவக்கு இவ்வளவு தெளிவாகச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

தோட்டாவையும் துடைத்து வைத்துவிடலாம் என்று அப்பாவின் கறுப்புக் கோட்டை எடுத்தேன். தோட்டாவை ஆபீஸில்தான் எண்ணிக் கொடுப்பார்கள். வெடித்ததன் கூட்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது. இந்தத் தடவை கொடுத்தது இரண்டு, கூடு ஒன்று திரும்பிவிட்டது, மிச்சம் ஒன்று அப்பாவிடம் இருக்கிறது என்று ஆபீஸுக்குத் தெரியும். அனுமதி புதுப்பிக்கும் வரை வேறு கிடைக்காது. நாளைக்கு அதைத்தான் வெடித்துக் காட்ட வேண்டும். கைக்குட்டையில் சுற்றியிருந்ததைப் பிரித்து, பித்தளைப் பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து ஜன்னலுக்குப் போனேன். நடுவில் ஒரு சின்னக் குழி. குழி என்று கூடச் சொல்ல முடியாது, பென்சில் முனையால் தொட்ட அளவு. எங்கள் வீட்டு அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி வைப்பதற்குத் தாத்தா காலத்துக் காலித் தோட்டா ஒன்று இருக்கிறது. அதை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். அதில் பள்ளம் ஆழமாக இருந்தது. வெடித்த தோட்டாவில் ஊசி குத்திய பள்ளம் அது. இதில் ஊசி தொட்டிருக்கிறது, ஆனால் குத்தவில்லை. இழுக்காமல் ஊசி தொடாது.

"அப்பா!" என்று நான் கத்திய கத்தலில் அம்மா கட்டிலில் இருந்து விழப் பார்த்தாள்.

அப்பா தோட்டாவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், தூரத்தில் நீட்டினார். கட்டைவிரலால் தடவினார். "நானும் பாத்தேன் புள்ள. எத்தனையோ தரம் பாத்தேன். ஒண்ணும் தெரியல" என்றார். யாரிடமாவது காட்டிப் பார்த்திருக்கலாமே என்று கேட்டேன். "காட்டி, அவங்களும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா?" என்றார். அவருடைய சுண்டுவிரலைப் பிடித்து நகத்தை அந்த இடத்தில் வைத்து மெதுவாக இழுத்தேன். நகம் தட்டி நின்றது. மறுபடி இழுத்தேன், மறுபடி நின்றது. பிறகு அவராகவே இழுத்துப் பார்த்தார். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை.

"இழுத்திருக்கேன் ஐவி" என்று உள்ளே அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "நான் இழுத்திருக்கேன்." சொல்லிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். தாத்தா செத்ததற்குக் கூட அவர் இப்படி அழுததாக அம்மா சொன்னதில்லை.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத பேச்சிக்கிட்ட காட்டணும்" என்றார். பேச்சியம்மா அத்தை மூக்கன் மாமாவின் மனைவி. கீழ் லயத்தில் இருக்கிறாள். மாமா போன நாளிலிருந்து எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

"காட்டுங்க" என்றாள் அம்மா. "துவக்குல பிழைன்னு அவளுக்குத் தெரிஞ்சா பழனியாண்டிக்குத் தெரியாதா? அவன் பொலிசுக்குப் போக மாட்டானா? என்னைய எங்க தூக்கிட்டுப் போவீங்கன்னு மொதல்ல சொல்லுங்க. சொல்லிட்டுக் காட்டுங்க."

நான் போனில் அந்தத் தடத்தைப் படம் எடுத்துப் பார்த்தேன். பித்தளையின் பளபளப்புதான் விழுந்தது, தடம் விழவில்லை. விளக்கைப் போட்டும் அணைத்தும் பத்துப் படம் எடுத்தேன், ஒன்றிலும் இல்லை. நாளைக்குக் காலையில் ஊசி இதே இடத்தில் குத்தும். இந்த முறை ஆழமாகக் குத்தும், அதற்குத்தானே இவ்வளவு நேரம் கழுவினேன். அப்பா இழுத்தார் என்பதற்கு உலகத்திலேயே இருக்கிற ஒரே சாட்சி அதோடு போய்விடும். அதை வெடித்தால் வீடு, வெடிக்காமல் வைத்திருந்தால் அப்பா.

எண்ணெய் ஊற்றியது நான்தான் என்று அப்போதுதான் சொன்னேன். இஷ்ராவின் மெஷின் கதை, அலியார் நானா சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் தலையில் கை வைத்தார். அந்தக் கையைத்தான்.

"போடச் சொன்னது நான்தானே புள்ள. இத வெளிய சொல்லாத. உன் பேரு இதுல வரக்கூடாது. அந்தோனியார் பேரும் வரக்கூடாது."

காலையில் ஐந்து மணிக்கே எழுந்துவிட்டோம். அப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு, துவக்கை மடித்துக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, கதவில் நின்றார். தோட்டாவை என்னிடம் கொடுத்திருந்தார், தன் கையில் வைத்துக்கொள்ளப் பயம் என்றார். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும், போர்வைக்குள் செபமாலை நகர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் படியிறங்கும்போது குரல் மட்டும் வந்தது.

"பேச்சி வீடு போற வழியிலதான இருக்கு."

அப்பா கீழ் லயத்துப் பாதையில் திரும்பினார்.

பனி தேயிலைக்கு மேல் கிடந்தது. அத்தை எழுந்து, இஸ்தோப்பில் கால் நீட்டி உட்கார்ந்து, வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். தாலி இல்லாத கழுத்து எனக்குப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. எங்களைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்தாள். நான் போய் அவள் முன்னால் குந்தி, தோட்டாவை அவள் கையில் வைத்தேன்.

"என்னத்துக்கு இத இங்க கொண்டாந்தீங்க?" என்று கையை இழுக்கப் பார்த்தாள்.

"மாமாவுக்காக அப்பா இழுத்த தோட்டா இதுதான் அத்தை. நடுவுல நகத்த வச்சுப் பாருங்க. ஊசி பட்டிருக்கு, வெடிக்கல."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு நகத்தை வைத்தாள். முப்பது வருஷம் கொழுந்து பறித்த விரல், கறை ஏறி நகம் கறுத்திருந்தது. மெதுவாக இழுத்தாள். நகம் நின்ற இடத்தில் அவள் முகமும் நின்றது.

"இழுத்திருக்காரு" என்றாள், யாருக்கோ சொல்கிற மாதிரி.

"இழுத்தேன் ஆத்தா" என்றார் அப்பா. சொல்லிவிட்டு இஸ்தோப்புத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப ஏன்ணே வெடிக்கல?"

அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார். "பழைய துவக்கு ஆத்தா."

அதோடு விட்டிருக்கலாம். அவர் சொன்னபடி நான் வாயை மூடிக்கொண்டு தோட்டாவை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கலாம். அத்தை என்னைக் கேட்கக்கூட இல்லை. ஆனால் அவள் தலைக்கு மேலே ஜன்னல் கட்டையில் அவளுடைய எண்ணெய்ப் போத்தல் இருந்தது. ராத்திரிக் குளிரில் எண்ணெய் அடியிலிருந்து கழுத்து வரை உறைந்து வெள்ளை வெளேரென்று நின்றது. லயத்தில் எல்லார் வீட்டு ஜன்னலிலும் இந்த மாதத்தில் அப்படித்தான் நிற்கும். ஒவ்வொரு நாளும் பார்க்கிறோம்.

"அந்தப் போத்தலப் பாருங்க அத்தை" என்றேன். "அந்த எண்ணெயத்தான் நான் துவக்குக்குள்ள ஊத்தினேன். மொத நாள் சாயங்காலம். உருக்கி ஊத்தினேன். விடியறதுக்குள்ள உள்ள உறைஞ்சு போச்சு. அப்பா இழுத்தாரு, ஊசிக்குப் போக முடியல. பிழை துவக்குலயும் இல்ல, அப்பாகிட்டயும் இல்ல. நான்தான்."

"டெல்சி" என்றார் அப்பா. கெஞ்சுகிற குரல்.

அத்தை போத்தலைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அழுதாலும் தாங்கிக்கொள்வேன், என்னை அறைந்தாலும் தாங்கிக்கொள்வேன் என்று நினைத்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை. மேலே பெரட்டு மணி அடித்தது. கீழ் லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன, கொழுந்து பறிக்க இடுப்பில் படங்குச் சேலையைக் கட்டிக்கொண்டு ஆட்கள் படியேறத் தொடங்கினார்கள். கடைசிக் காம்பராவில் பழனியாண்டி யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. அவன் இந்த இஸ்தோப்பைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும்.

"அத்தை, அது ஒண்ணுதான் இருக்கு" என்றேன். "துரை நிக்கிறாரு. அது இல்லாட்டி எங்களுக்கு…" என் கையை அவளுக்கு முன்னால் நீட்டினேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அப்பாவைப் பார்த்தாள், அவர் கையில் மடிந்து தொங்குகிற துவக்கைப் பார்த்தாள். பழனியாண்டியின் செருப்புச் சத்தம் படியில் ஏறிக்கொண்டிருந்தது. அத்தை தோட்டாவை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடி, அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் நீட்டிய கையை மடக்காமல் அப்படியே குந்தியிருந்தேன். மூடிய அவள் கைக்குள் கட்டைவிரல் மட்டும் அந்தத் தடத்தின் மேல் மெதுவாக, போய் வந்து, போய் வந்து, அசைந்துகொண்டிருந்தது.